நூறு பங்கு வைத்திருக்கும் எனக்கு நிறுவனத்தில் என்ன வேலை?

"பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் நூறு பங்குகளை வாங்கியிருக்கிறேன். நானும் ஓர் உரிமையாளர் என்கிறார்கள். அப்படியானால் எனக்கு அங்கே என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், நிறுவனத்தின் சொத்தில் ஒரு செங்கல்கூட உங்களுடையது அல்ல. தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த பம்பாய்ப் பெண்மணி ஒருவர், கம்பெனியின் வருமானத்தில் 60 சதவீதம் வரியில்லாத விவசாய வருமானம் என்பதால், தமக்கு லாபப் பங்காக வந்த ஈவுத்தொகையிலும் அந்த அளவுக்கு வரிவிலக்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1954-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தோட்டமும் விளைச்சலும் கம்பெனிக்குச் சொந்தம். பங்குதாரருக்கு உள்ளது, அறிவிக்கப்படும் லாபத்தில் பங்கும், கம்பெனியைக் கலைக்கும்போது கடன்களெல்லாம் அடைத்தது போக மிஞ்சுவதில் பங்கும்தான். கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு என்ற அதே பிரிவினைதான் உங்களைக் காப்பாற்றவும் செய்கிறது. கம்பெனி கடனில் மூழ்கினாலும், பங்குக்குரிய பணத்தை முழுவதும் செலுத்திவிட்ட உங்கள் வீட்டு வாசலுக்குக் கடன்காரர்கள் வர முடியாது.

அன்றாட நிர்வாகம் இயக்குநர் குழுவின் பொறுப்பு. ஈவுத்தொகைகூட குழு பரிந்துரைத்த அளவுக்கு மேல் போகாது. பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் அதைக் குறைக்கலாம், உயர்த்த முடியாது. ஆக, உங்கள் கையில் இருக்கும் உண்மையான கருவி வாக்குதான். இயக்குநர்களையும் தணிக்கையாளரையும் நியமிப்பது, இயக்குநர்களின் சம்பளம், பெரிய கொடுக்கல் வாங்கல் ஆகியவை பங்குதாரர்களிடம் வந்தாக வேண்டும். சாதாரணத் தீர்மானத்துக்கு எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருந்தால் போதும். சிறப்புத் தீர்மானத்துக்கு, பதிவான வாக்குகளில் முக்கால் பங்காவது ஆதரவாக விழ வேண்டும்.

நிறுவனரின் குடும்பமே பாதிப் பங்கை வைத்திருக்கும்போது நம் வாக்கால் என்ன ஆகும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த எண்ணம்தான். சென்னையில் ராயல் என்ஃபீல்டு வண்டிகளைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸில் 2021 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் ஒரே சிறப்புத் தீர்மானமாக வந்தன. ஏறத்தாழ பாதிப் பங்கு நிறுவனர் தரப்பிடம் இருந்தும், எதிராகச் சுமார் 27 சதவீத வாக்குகள் விழுந்ததால் தீர்மானம் தோற்றது. பலருடைய ஆட்சேபம் சம்பளத்தின் மீதுதான். சில நாட்களிலேயே இயக்குநர் குழு நியமனத்தையும் சம்பளத்தையும் தனித்தனித் தீர்மானங்களாகப் பிரித்தது. சம்பளத்துக்கு லாபத்தில் 1.5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து மீண்டும் வாக்குக் கேட்டது. இம்முறை ஒப்புதல் கிடைத்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் நிதி நிறுவனங்கள் என்பது உண்மை. ஆனால் 25 சதவீதத்தைத் தாண்டுவதா இல்லையா என்ற இடத்தில் ஒவ்வொரு பங்குக்கும் எடை உண்டு.

இன்னொன்றும் உண்டு. நிறுவனர் தன் சொந்தக் கம்பெனியோடு பட்டியலிட்ட நிறுவனத்தைப் பெரிய அளவில் வியாபாரம் செய்ய வைக்க விரும்பினால், அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாகச் சம்பந்தப்பட்ட தரப்பினர் வாக்களிக்க பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிகள் இடம் தருவதில்லை. அங்கே முடிவு மற்றவர்கள் கையில்.

பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 21 நாள் முன்பே உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். பல பக்கங்கள் கொண்ட கோப்பு என்று மூடிவிடாதீர்கள். நேராகத் தீர்மானங்களுக்குக் கீழே உள்ள விளக்க அறிக்கைக்குப் போங்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த உறவினரின் கம்பெனியோடு என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான். ஆண்டறிக்கையின் வண்ணப் படங்கள் பிறகு. மின்வாக்களிப்பு குறைந்தது மூன்று நாட்கள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணியோடு முடிந்துவிடும். உங்கள் பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கு வழியாகவே உள்ளே போகலாம். ஒருமுறை பதிவு செய்த வாக்கை மாற்ற முடியாது என்பதால், படித்துவிட்டு வாக்களியுங்கள்.