ரோசா பார்க்ஸும் முந்நூறு கார்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேச்சுப் போட்டிக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ரோசா பார்க்ஸ் பற்றி எழுதிக் கொடுக்கிறேன். ‘வேலை முடிந்து களைத்துப்போய் வந்த சாதாரணக் கறுப்பினத் தையல்காரப் பெண் ஒருவர் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், அமெரிக்கா விழித்துக்கொண்டது’ என்று தொடங்கியிருக்கிறேன். அன்று அவர் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மார்ட்டின் லூதர் கிங் மீது காந்தியின் தாக்கம் எவ்வளவு? மூன்று நிமிடத்தில் இதையெல்லாம் எப்படி அடக்குவது?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றியதே, சந்தோஷம். ஆனால் அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். காந்தியைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. மூன்று நிமிடம் உங்கள் பாடு.

‘களைத்த தையல்காரி’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மாண்ட்கோமரியில் கைதானபோது பார்க்ஸுக்கு வயது 42. கறுப்பர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர்க் கிளையில் பல வருடம் செயலாளர். அந்தக் கோடையில்தான் சமூகப் போராளிகளைப் பயிற்றும் டென்னசி ஹைலாண்டர் பள்ளியில் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார். பஸ்ஸில் 36 இருக்கை. முன்னால் 10 வெள்ளையருக்கு, பின்னால் 10 கறுப்பருக்கு, நடுவில் இருந்த 16 இருக்கைக்கு டிரைவர் வைத்ததே சட்டம். பார்க்ஸ் இருந்தது நடுப்பகுதியின் முதல் வரிசை. நின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒரே ஒருவர். எழச் சொன்னதோ நாலு பேரை. ஒரே வரிசையில் இரு நிறத்தாரும் உட்காரக்கூடாதே! மூன்று பேர் எழுந்தார்கள்.

அவரும் எழுந்திருந்தால்? இன்னொருவரை முன்வைத்துத் தொடங்கியிருப்பார்கள். அதே வருடம் மார்ச்சில் 15 வயது கிளாடெட் கோல்வின், அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் இதே காரணத்துக்குக் கைதானவர்கள். பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கும் பஸ் பிரிவினையை ஒழித்த வழக்கின் வாதிகளில் இந்த இருவரும் உண்டு, பார்க்ஸ் கிடையாது. மாண்ட்கோமரிக் கறுப்பினப் பெண்களின் அமைப்பான பெண்கள் அரசியல் கவுன்சில் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் போட்டு, பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்தாயிற்று. பார்க்ஸ் கைதான இரவிலேயே அதன் தலைவர் ஜோ ஆன் ராபின்சன், தான் வேலைபார்த்த கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கை அடித்தார். தாளுக்கு மூன்று அச்சிட்டு வெட்டிக் கட்டினார்கள்.

சரி, டிசம்பர் 5 முதல் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று. விடியற்காலையில் ஊரின் மறுகோடிக்குச் சமையல் வேலைக்குப் போகிற பெண்ணை யார் கொண்டுபோய் விடுவது? உங்கள் பேச்சில் இந்தக் கேள்வியே இல்லை. 381 நாள் தாக்குப்பிடித்தது இதற்குப் பதில் கண்டுபிடித்ததால்தான்.

முதலில் கறுப்பர்களின் டாக்சிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டன. குறைந்தபட்ச டாக்சிக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியை போலீஸ் கமிஷனர் எடுத்து நீட்டினார். அந்த வழி அடைபட்டது. 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் பஸ் புறக்கணிப்பை நடத்திய பாதிரியார் ஜெமிசனை, மாண்ட்கோமரிப் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் தொலைபேசியில் பிடித்து, சொந்தக் கார்களைத் திரட்டும் முறையைக் கேட்டுக்கொண்டார். சுமார் 300 கார்கள் சேர்ந்தன. தெருத்தெருவாய் நடந்து பழகிய கறுப்பினத் தபால்காரர்களை வைத்து வரைபடம் போட்டு, ஏறுமிடம் இறங்குமிடம் குறித்தார்கள். வண்டி மாறும் மையம், நகர நடுவில் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடம்.

வண்டிக்குள் காசு வாங்கக்கூடாது. வாங்கினால் உரிமமில்லாத வாடகை வண்டி என்று மடக்கிவிடுவார்கள். பணம் தேவாலயக் கூட்டங்களின் காணிக்கையாக வந்து, அங்கிருந்து பெட்ரோலுக்கும் டயருக்கும் போனது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், தோழிகளோடு கோழியும் கேக்கும் விற்றுச் சேர்ந்ததைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். மேயர் கெய்ல், வேலைக்காரியைக் காரில் அழைத்துவராதீர்கள் என்று வெள்ளைக்கார வீட்டம்மாக்களைக் கேட்டுக்கொண்டார். பாத்திரம் கிடக்கிற வீட்டில் மேயர் பேச்சு எடுபடவில்லை.

இந்தக் கார்கள்தான் உயிர்நாடி என்று எதிரிகளுக்குப் புரிந்த அளவுக்கு நம் பேச்சாளர்களுக்குப் புரிவதில்லை. ஓட்டுநர்கள்மேல் தொட்டதற்கெல்லாம் அபராதச் சீட்டு. 25 மைல் வேகப் பகுதியில் 30இல் போனதாக கிங்கையே சிறையில் வைத்தார்கள். தேவாலயங்கள் தங்கள் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்கு இன்ஷூரன்ஸை ரத்துசெய்யவைத்தார்கள். இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் வண்டி தெருவில் இறங்க முடியாது; எத்தனை ஆவேசமாகப் பேசினாலும் சமையல்காரி வேலைக்குப் போய்ச் சேரமாட்டாள். கடைசியில் லண்டன் லாய்ட்ஸ் வரைக்கும் போய்க் காப்பீடு வாங்கினார்கள். வேலை பறிபோன பார்க்ஸே சிலகாலம் எந்தக் காரை எங்கே அனுப்புவது என்று பார்த்துச் சொல்லும் வேலையைச் செய்தார். அதை எழுதுங்கள், களைப்பை அல்ல.

1956 நவம்பர் 13 அன்று கார் ஏற்பாட்டுக்கு மாநில நீதிமன்றம் தடை போட்டது. அதே நாளில் பஸ் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் ஆணை மாண்ட்கோமரி வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. அதுவரை தெருவுக்குத் தெரு தாங்களாகவே வண்டி பகிர்ந்தார்கள், நடந்தார்கள். 21ஆம் தேதி பஸ்ஸில் ஏறி இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். சில நாட்களிலேயே பஸ்கள்மேல் துப்பாக்கிச்சூடு. கர்ப்பிணி ஒருவருக்குக் காலில் குண்டு. நகர நிர்வாகம் மாலை ஐந்து மணிக்குமேல் பஸ்ஸை நிறுத்தியது. அதற்குப் பிறகு வேலை முடிகிறவர்களுக்கு மறுபடியும் நடைதான்.