அப்பாவின் ஈ.பி.எஃப். பணமும் எஸ்.ஏ.பி. வகுப்பும்

கேள்வி: எனக்கு 25 வயது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒஃபீசில் கணக்கு வேலை. மாதம் 58,000 ரூபா. கண்டியில் எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் டிப்ளோமா) முடித்திருக்கிறேன். கொழும்பில் ஒரு நிறுவனம் எஸ்.ஏ.பி. என்ற கம்பனி நிர்வாக மென்பொருளைக் கற்றுத் தருகிறது. நான்கு மாதம், 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. முடித்த கையோடு இரண்டரை இலட்சம் சம்பளத்தில் வேலை நிச்சயம் என்கிறார்கள். போன வருடம் ஓய்வுபெற்ற அப்பா தன் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைத் தரத் தயார். அம்மாவுக்கு விருப்பமில்லை. சேரலாமா? இந்தத் துறையில் உண்மையில் சம்பளம் எப்படி? கொழும்புக்கே போய்விட வேண்டுமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: தங்கச்சி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். அப்பாவின் பணத்தில் கை வைக்காதீர்கள். ஆனால் இந்தத் துறையை விட்டுவிடச் சொல்லவில்லை. உங்களுக்குப் பொருந்தக்கூடிய துறைதான் இது. வகுப்பில் சேர்வதும் துறைக்குள் நுழைவதும் ஒன்றுதான் என்று உங்களை நம்பவைத்திருக்கிறார்கள், அங்கேதான் கோளாறு.

எஸ்.ஏ.பி. ஒன்றும் மந்திரம் இல்லை. 1972இல் ஐ.பி.எம். வேலையை விட்டு வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் தொடங்கிய கம்பனி. கொள்வனவு, களஞ்சியம், உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்துவைக்கும் மென்பொருளை விற்கிறார்கள். இதே வேலையைச் செய்ய ஓரக்கிள், மைக்ரோசொஃப்ட் டைனமிக்ஸ் என்று வேறும் உண்டு. சுவீடனின் ஐ.எஃப்.எஸ். 1997 முதல் கொழும்பில் இருந்துகொண்டு தன் மென்பொருளில் பெரும் பகுதியை இங்கேயே எழுதுகிறது. ஆகவே எஸ்.ஏ.பி.தான் ஒரே வாசல் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் ஸ்டோரையே எடுத்துக்கொள்வோம். அடுப்புக்கு விறகு லொறி வருகிறது. அளந்து பார்த்து ஜி.ஆர்.என். (பொருள் கிடைத்த பற்றுச்சீட்டு) போடுகிறீர்கள். எஸ்.ஏ.பி. இருந்தால் அந்த நிமிடமே சரக்குக் கணக்கில் டெபிட் விழும், "பொருள் வந்துவிட்டது, பில் வரவில்லை" என்ற ஓர் இடைக்கணக்கில் கிரெடிட் விழும். பில் வந்து பதிந்ததும் இடைக்கணக்கு கழிந்துவிடும். வந்தது பத்து கியூப், பில்லில் இருப்பது பன்னிரண்டு என்றால் பணம் கொடுப்பது தானாக நின்றுவிடும். இதையெல்லாம் ஒரு கம்பனியின் வழக்கத்துக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பவருக்கு ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்று பெயர். நிரல் எழுதுபவர்கள் வேறு, சேர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் வேறு. உங்களுக்கு முதல் வகைதான் சரி. மாதக் கடைசியில் "பில் வராத ஜி.ஆர்.என்." என்று ஒரு பட்டியல் கையால் எழுதுவீர்களே, அதே வேலை. நீங்கள் அதைக் கற்க நான்கு இலட்சம் கட்டத் தேவையில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தேயிலைக் கம்பனிக்கு இப்படியொரு மென்பொருள் போடப் போன குழுவில் நானும் இருந்தேன், ஆகக் கடைசி ஆள். தலைவர் வெளிநாட்டுக்காரர், உடுப்புத் தொழிற்சாலைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு சட்டைக்கு இவ்வளவு துணி, இத்தனை பொத்தான் என்று பட்டியல் கொடுத்துவிட்டால் மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதே நினைப்பில், ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் ஒரு தேயிலை ரகத்தைப் பற்றிக் கேட்டார்: "ஒரு கிலோ பி.ஓ.பி. செய்ய எத்தனை கிலோ கொழுந்து வேண்டும்?" டீமேக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கொழுந்து போடுறதுதான் நம்ம கையில இருக்கு. எந்தக் கிரேட் எவ்வளவுன்னு சல்லடைதான் சொல்லும்" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள்.

நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோ தூள் வரும், மழை நாளில் அதுவும் குறையும். அது பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிவது கடைசியில்தான். சட்டை மாதிரிப் பலது சேர்ந்து ஒன்றாவதில்லை, ஒன்று பலதாகப் பிரிகிறது. மென்பொருளில் அதற்கு அமைப்பே வேறு. இது பிடிபட எங்கள் குழுவுக்கு இரண்டு வாரம் வீணானது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதல் நாளே தெரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன், அப்பா ஸ்டோரில் ரோலிங் ரூமில் நின்றவர். வாயைத் திறந்தால் தோட்டத்துப் பையன் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். வேலைநாளைப் பதியும் செக்ரோலில் "அரைப் பேர்", அதாவது அரைநாள் சம்பளம், என்று ஒன்று இருக்கிறது என்பதைக்கூட வேறொருவர் சொல்லும்வரை காத்திருந்தேன். அம்மா எத்தனை நாள் அரைப் பேரோடு வந்திருப்பார், அது தெரியாதா எனக்கு?

சரி, சம்பளத்துக்கு வருவோம். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வரும் ஒருவருக்கு இரண்டரை இலட்சம் கொடுக்கும் கம்பனியை என் கண்ணால் கண்டதில்லை. பயிற்சியாளராக எடுப்பார்கள். அந்தச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கூடத்தான் செய்யும். ஆனால் தெஹிவளையில் போர்டிங், மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டுக்கு வந்துபோகும் பஸ் காசு எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது இன்று மிஞ்சுவதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். பாய்ச்சல் பிறகுதான் வரும். ஒரு திட்டத்தை ஆரம்பக் கூட்டத்திலிருந்து, மென்பொருள் நிஜமாக ஓடத் தொடங்கும் "கோ லைவ்" இரவுவரை முழுதாகப் பார்த்தவர் என்று பெயர் எடுத்தால், அப்படி இரண்டு செய்தால், சம்பளத்தை நீங்கள் கேட்கலாம். அதன்பின் டுபாய், டோஹா, மெல்பேர்ன் என்று அழைப்பு வரும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனது உங்களுக்கும் ஞாபகமிருக்கும். அனுபவசாலிகள் விட்டுப்போன அந்த இடைவெளி உங்களைப் போன்றவர்களுக்கு இன்னமும் வசதிதான்.

எஸ்.ஏ.பி. பக்கம் இப்போது வேலை அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பழைய பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2027 முடிவோடு நின்றுவிடுகிறது. கூடுதலாகக் காசு கட்டுபவர்களுக்கு மட்டும் 2030வரை. அதனால் கம்பனிகள் 2015இல் வந்த எஸ்/4 ஹானா என்ற புதியதுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த அலை ஒருநாள் ஓயும். ஹைதராபாத்தில் அமீர்பேட்டை என்று ஓர் இடம் உண்டு, தெரு முழுக்க இந்த வகுப்புகளின் போர்டுதான். அங்கிருந்து வருகிறவர்களோடு திரையில் எந்தப் பட்டனை அழுத்துவது என்ற அறிவில் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. ஸ்டோரும் செக்ரோலும் கணக்கும் தெரிந்தவர் என்று போனால் அது வேறு ஆட்டம்.

கொழும்புக்குப் போக வேண்டுமா என்றால், முதல் மூன்று நான்கு வருடங்களுக்குப் போகத்தான் வேண்டும். இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக முடியும். பிறகு ஹட்டன் டவுனில் நல்ல இணைப்போடு ஓர் அறை எடுத்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யலாம். ஜெர்மனிக்காரன் ஒன்பது மணிக்கு உட்காரும்போது நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை, இரவுச் சாப்பாடுதான் பிந்தும். வரியையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாவரை வரி இல்லை. அதற்கு மேல் உள்ளூர்ச் சம்பளத்துக்குப் படிப்படியாக 36 வீதம்வரை போகும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வங்கி மூலம் டொலரில் பணம் வந்தால் கூடியபட்சம் 15 வீதம்தான்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டக் கம்பனியின் தலைமையகத்தில் என்ன மென்பொருள் இருக்கிறது, மாற்றும் யோசனை உண்டா என்று அங்கே கணக்குப் பகுதியில் பேசிப் பழகியவரிடம் கேட்டுப் பாருங்கள். மாற்றுகிறார்கள் என்றால் "எங்கள் ஸ்டோர் சார்பில் நான் வருகிறேன்" என்று கையைத் தூக்குங்கள். அப்படி வருபவருக்குக் கீ யூசர் என்று பெயர், சம்பளத்தோடு கற்கும் இடம் அது. நல்ல கன்சல்டன்ட்கள் பலர் அந்த வழியாகத்தான் வந்தார்கள். அது நடக்காவிட்டாலும் மடிக்கணினியில் ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பையோ ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட்டையோ இறக்கி நிறுவுங்கள், இரண்டும் எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள்கள், இலவசம். கம்பனிக் கணக்கைத் தொடாமல், கற்பனையாக ஒரு ஸ்டோரை உருவாக்கி ஒரு மாதக் கொழுந்து, விறகு, சம்பளம் எல்லாம் போட்டு மாத முடிவை எடுத்துப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் அதைத் திறந்து காட்டினால் சான்றிதழைவிட அதிகம் பேசும். எஸ்.ஏ.பி.யின் சொந்தக் கற்றல் தளத்திலும் இலவசப் பாடங்கள் நிறைய இருக்கின்றன. காசு செலவழிப்பதென்றால் ஆங்கிலம் பேசிப் பழக ஒரு வகுப்புக்குச் செலவழியுங்கள். எழுத வருகிற பலருக்குக் கூட்டத்தில் வாய் வராது, நான் உட்பட.

அந்த நிறுவனம் மறுபடியும் ஃபோன் எடுத்தால் ஒன்று கேளுங்கள். போன வகுப்பில் படித்து இப்போது வேலையில் இருக்கும் மூன்று பேரோடு நேரில் பேச முடியுமா? முடியும் என்று பேச வைத்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.