"அவங்களைத்தானே சொல்லுறாங்கள்?"

வணக்கம் அண்ணா,

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். முஸ்லிம்களுக்கும் குடியேறிகளுக்கும் எதிராக இங்கே எழுதப்படுகிறவற்றை எங்கட ஆக்களே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கேட்டால், "அவங்களைத்தானே சொல்லுறாங்கள், நாங்கள் வேலை செய்து வரி கட்டுற ஆக்கள். எழுத்துதானே, அது யாரைக் கொன்றது?" என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ந., ஒஸ்லோ

அன்புள்ள ந.,

குடியேற்றம் பற்றி விவாதிப்பதில் தவறே இல்லை. 2015-இல் மட்டும் ஸ்வீடனில் சுமார் 1,63,000 பேர் புகலிடம் கேட்டார்கள். பள்ளிக்கூடம், வீடு, வேலை என்று எல்லாவற்றிலும் நெருக்கடி வரும், பேசத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் எழுத்து அதைப் பேசுவதில்லை. ஐரோப்பியத் தலைவர்கள் அரபு நாடுகளோடு ரகசியமாகக் கூடி, சொந்த மண்ணையே முஸ்லிம்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்கிறது. இதற்கு 'யூரேபியா' என்று ஒரு பெயரும் உண்டு.

இதை 'ஃபியோர்ட்மேன்' என்ற புனைபெயரில் வருடக்கணக்காக எழுதியவர் ஒரு நார்வேக்காரர். கெய்ரோவில் அரபி படித்தவர். 2011 ஜூலை 22 அன்று பிரெய்விக் என்ற இன்னொரு நார்வேக்காரன் 77 பேரைக் கொன்றான். அன்று அவன் அனுப்பிய 1,500 பக்க அறிக்கையில் ஃபியோர்ட்மேனின் கட்டுரைகள் முழுசு முழுசாக இருந்தன. அடுத்த மாதமே பீடர் யென்சன் என்ற சொந்தப் பெயரோடு அவர் வெளியே வந்தார், கொலைகளைக் கண்டித்தார். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, சரி. ஆனால் தலைவர்கள் துரோகிகள் என்று ஒருவன் நிஜமாகவே நம்பிவிட்டால் அப்புறம் எங்கே போவான்? பிரெய்விக் மசூதிக்குப் போகவில்லை. அரசு அலுவலகங்களின் வாசலில் குண்டு வைத்துவிட்டு, அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சியின் இளைஞர் முகாம் நடந்த உத்தோயா தீவுக்குப் போனான். அங்கே செத்த 69 பேரில் பெரும்பாலோர் பதின்வயது நார்வேப் பிள்ளைகள்.

அந்த முகாமில் கம்ஷாயினி குணரத்தினமும் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நார்வேக்கு வந்தவர். குளிர்ந்த ஏரியில் இறங்கி நீந்தித்தான் உயிர் தப்பினார். 2015-இல் உங்கள் ஊருக்கே துணை மேயர் ஆனார். உங்கள் குழுவில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். "நாங்கள் வேற ஆக்கள்" என்கிறவர்கள் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில், பக்ரீத்துக்கு முதல் நாள், ஒஸ்லோவை ஒட்டிய 'பேரும்' (Bærum) என்ற பகுதியில் உள்ள அல்-நூர் மசூதிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். உள்ளே மூன்றே மூன்று பெரியவர்கள். அவர்களில் 65 வயது முகமது ரஃபீக் பாய்ந்து அவனைப் பிடித்துத் தரையோடு அமுக்கிவிட்டார். மசூதியில் ஒரு உயிரும் போகவில்லை.

ஆனால் கிளம்பும் முன்பே அவன் வீட்டில் ஒரு கொலையைச் செய்திருந்தான். அவனுடைய மாற்றாந்தாய் வழித் தங்கை. சீனாவில் பிறந்து, நார்வேயில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள். வயது 17. ஆசியாவில் பிறந்தவள் என்பதற்காகவே அவளைக் கொன்றான்.

"அவங்களைத்தானே சொல்லுறாங்கள்" என்று அடுத்த முறை யாராவது எழுதினால், அந்தப் பிள்ளையைப் பற்றிக் குழுவில் எழுதுங்கள்.