புத்தகம் விற்க என்ன வழி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பகுதி நடுகற்கள் (இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) பற்றி நூல் எழுதி, சொந்தமாக 300 பிரதி அச்சிட்டேன். விலை 200 ரூபாய். வெளியீட்டு விழாவில் 70 போனது. மீதி வீட்டில் கிடக்கிறது. கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. முகநூல் விளம்பரம் கொடுக்கலாமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: வேண்டாம். லைக் வரும், ஆர்டர் வராது. உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்பது நூலுக்குள்ளேயே இருக்கிறது. எந்தெந்த ஊர்க் கல்லைப் பற்றி எழுதினீர்களோ, அந்தப் பட்டியலை எடுங்கள். வேடியப்பன் சாமி என்று தாங்கள் கும்பிடும் கல்லின் படம் அச்சில் வந்திருப்பது அந்த ஊர்க்காரர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ஊருக்கு ஊர் தனித் துண்டறிக்கை போடுங்கள். ஏ4 தாளில் பாதி போதும்: அந்த ஊர்க் கல்லின் படம், கல்வெட்டு வாசகம், நான்கு வரி விளக்கம், நூலில் பக்க எண், விலை. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலே போதும். பள்ளி, கிளை நூலகம், டீக்கடை, கோயில் என ஊருக்குப் பத்துத் தாள் வையுங்கள். எல்லா ஊருக்கும் ஒரே நோட்டீஸ் அடிக்காதீர்கள். தன் ஊர்ப் பெயரைப் பார்த்தால்தான் ஆள் நின்று படிப்பார்.

அதில் ஜிபே க்யூஆர் மட்டும் போட்டால் பணம் வரும், முகவரி வராது. யார் அனுப்பியது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறந்து, ‘நூல் வேண்டும். பெயர், முகவரி, பின்கோடு:’ என்ற வரி தயாராக நிற்கும்படி க்யூஆர் அமையுங்கள். பணம் கேட்பது அதற்குப் பிறகு. இலவச இணையதளங்கள் சில தரும் ‘டைனமிக்’ க்யூஆர் அந்தத் தளத்தின் வழியாகவே திறக்கும்; சோதனைக்காலம் முடிந்ததும் செத்துவிடும். இணைப்பு நேரடியாகக் குறியீட்டிலேயே பதிந்திருக்கும் ‘ஸ்டாட்டிக்’ வகையே எடுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜெராக்ஸ் எடுத்த தாளிலேயே ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுக் கட்டுக்கட்டாக எடுங்கள்.

கடைக்குக் கொடுப்பதானால் கணக்குப் போட்டுக் கொடுங்கள். கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு (தள்ளுபடி) போனால் 200 ரூபாய் நூலுக்கு 130 கைக்கு வரும். அச்சுச் செலவு 80 என்றால் மிச்சம் 50. ஐந்து பிரதிக்கு மேல் வைக்காதீர்கள்; எத்தனை வைத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் ஒற்றை நூலுக்குத் தனி அரங்கு எடுத்தால் வாடகையே முழுங்கிவிடும். ஏற்கெனவே அரங்கு போடும் பதிப்பாளரிடம் கழிவு பேசி, அவர் மேசையில் இடம் கேளுங்கள்.

கேள்வி: வரலாற்று நூல் ஒன்று போட்டிருக்கிறேன். கூரியர் செலவே லாபத்தைத் தின்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்டும் பலருக்குப் போவதில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: நூல் அனுப்புவதற்கென்றே அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ சேவையில் அனுப்புங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய்; எடைக்கேற்பப் படிப்படியாக ஏறி 5 கிலோவுக்கு 100 ரூபாய்; வரி தனி. தரை வழியில் போவதால் தாமதமாகும்; அதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நூலில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும். உறை, அட்டையோடு சேர்த்து எடை போடுங்கள். 290 கிராம் நூல் பொட்டலம் கட்டியதும் அடுத்த கட்டணத்துக்குத் தாண்டிவிடும்.

உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். எனவே ஆர்டர் வந்ததும் அனுப்பும் பதிலிலேயே ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: இலவசப் பிரதி எத்தனை கொடுக்கலாம்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: முந்நூறு பிரதி அச்சிட்டால் இருபதுக்கு மேல் வேண்டாம். அதில் நான்கு பிரதிகள், நூல்களைப் பொது நூலகங்களுக்கு வழங்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் போக வேண்டியவை. மற்றதை, மேடையில் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுத்துத் தீர்க்காமல், படித்துவிட்டு நாலு பேரிடம் பேசக்கூடிய ஆசிரியர்களுக்கும் வாசகர் வட்டத்தாருக்கும் கொடுங்கள். எந்த அத்தியாயத்தை முதலில் படிக்கலாம் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.