வாசகர் கேள்வி – பதில்: பட்டறையில் அழுத்தக் காற்று

கேள்வி: செங்கலடியில் உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் திருத்தும் சிறிய கராஜ் ஒன்றை நடத்தி வருகிறேன். பெரும்போக அறுவடைக் காலத்தில் ரேடியேட்டரில் அடையும் பதரையும் தூசியையும் கொம்பிரசர் காற்றால் ஊதித்தான் எடுக்கிறோம். வேலை பழகும் பொடியன்கள் மாலையானதும் அதே காற்றால் தங்கள் உடுப்பையும் தலைமுடியையும் ஊதிக்கொள்கிறார்கள். விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் அடிப்பதும் உண்டு. வெறும் காற்றுத்தானே என்று விட்டுவிடலாமா, ஐயா?
– ஒரு வாசகர், செங்கலடி

பதில்: விட்டுவிட வேண்டாம், இன்று மாலையே அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். உங்கள் கொம்பிரசரில் இருக்கும் 90 அல்லது 120 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) காற்று, தோலில் உள்ள ஒரு சிறு கீறல் வழியாகவே உள்ளே புகுந்து, தோலுக்கும் தசைக்கும் இடையில் பரவக்கூடியது. அப்படிப் புகுந்தால் அந்த இடம் வீங்கும்; விரலால் தொட்டால் நறுநறுவென்று ஒரு சத்தம் கேட்கும். காற்று இரத்தக் குழாய்க்குள் சென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. காதுக்கு நேரே பிடித்தால் செவிப்பறை கிழியும்; கண்ணுக்கு நேரே வந்தால் ஓர் உமித் துண்டே பார்வையைப் பறித்துவிடும். பின்பக்கமாக அடித்த விளையாட்டில் குடல் கிழிந்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உடுப்பு இடையில் இருப்பது காற்றைத் தடுக்காது என்பதைப் பொடியன்களுக்கு வெளிப்படையாகவே சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சமான விடயம்தான். ஆனாலும் முதலாளி வாயால் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், துப்புரவுக்குப் பயன்படும் காற்று 30 பிஎஸ்ஐக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், சிதறும் துகள்களிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்த அளவு பொருள்களைத் துப்புரவு செய்வதற்கே உரியது. உடம்பில் அடிப்பதற்கு எந்த அழுத்தமும் பாதுகாப்பானதல்ல. ரேடியேட்டரை ஊதும்போது என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, அழுத்தத்தைக் குறைத்து, விசிறி காற்றை இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஊதுங்கள். மெல்லிய தகடுகள் வளையாமலும் இருக்கும், பதரும் வந்த வழியே வெளியேறும். பக்கமும் மூடிய கண்ணாடி, மூக்கையும் வாயையும் மறைக்கும் முகக்கவசம் இரண்டும் கட்டாயம். உடுப்புத் தூசிக்கு ஒரு தூரிகை போதும்.

தவறி யாருக்காவது தோலுக்குள் காற்றுப் புகுந்தால், காயம் குண்டூசி முனை அளவே இருந்தாலும், அதைப் பிசையாமல் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, அழுத்தக் காற்றால் ஏற்பட்ட காயம் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். வெளியே தெரியும் காயத்தை மட்டும் பார்த்து இதன் ஆழத்தை அளக்க முடியாது.

கேள்வி: தளபாட வேலைக்கு ஆணி அடிக்கும் கன் பாவிக்கிறோம். இரண்டாம் கையாக வாங்கிய கொம்பிரசரின் தாங்கியில் அடிப்பக்கம் துருப்பிடித்து, ஒரு புள்ளியில் காற்றும் நீரும் கசிகின்றன. வெல்டிங் செய்து அடைக்கலாமா?
– ஒரு வாசகர், கல்முனை

பதில்: அடைக்கக் கூடாது. கசியும் அந்தப் புள்ளி, சுற்றியுள்ள தகடும் உள்ளே மெலிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். ஒரு துளையை அடைத்தாலும் சுற்றியுள்ள தகடு அதே மெலிவோடுதான் இருக்கும். வெல்டிங் சூடு அதை மேலும் கெடுக்கும். 8 பார் அழுத்தம் என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 8 கிலோ. 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தாங்கியின் ஒரு பக்க மூடியை மட்டும் பத்துத் தொன் அளவு விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. காற்று சுருங்கி அடைந்திருப்பதால், தகடு கிழியும் கணத்தில் அந்த ஆற்றல் முழுவதும் ஒரே வீச்சில் வெளிப்படும்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி. 30 பாகை வெப்பத்தில், நூற்றுக்கு எண்பது ஈரப்பதனுள்ள ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். மானி காட்டும் 8 பாரோடு வெளிக்காற்றின் ஒரு பாரும் சேர்வதால், ஒன்பது கன மீற்றர் காற்று ஒரு கன மீற்றராகச் சுருங்குகிறது. அது மீண்டும் ஆறியதும் 30 கிராம் அளவே ஆவியாக நிற்க முடியும். மிச்சமாகும் 180 கிராமுக்கு மேற்பட்ட நீர் தாங்கியின் அடியில் தேங்கி இரும்பை அரிக்கிறது. எனவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து நீரை முழுவதும் வெளியேற்றுவது, மழைக்காலத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை.

புதிய தாங்கி வாங்கும்போது, பொறிக்கப்பட்ட வேலை அழுத்தம், அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றையும் பாருங்கள். பாதுகாப்பு வால்வு கசிகிறது என்று அதைக் கழற்றிவிட்டு மூடி போடுவது, இந்தத் தொழிலில் நான் மிகவும் அஞ்சும் செயல். பழைய தாங்கியின் வலிமையை, நீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துத் தகுதியுள்ள ஒருவரே சோதிக்க வேண்டும். நீர் அநேகமாகச் சுருங்காததால், சோதனையில் தகடு விட்டாலும் வெடிப்பு நேராது. காற்றுத் தாங்கிகளைப் பற்றி 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலும் ஏற்பாடுகள் உள்ளன.

ஆணிக் கன்னைப் பற்றி ஒன்று: ஆணி சிக்கினால், முதலில் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மோட்டரை நிறுத்தினாலும் தாங்கியிலும் குழாயிலும் காற்று நிற்கும். விரைவு இணைப்பு இல்லாத குழாயாயின், வால்வை மூடி, கன்னின் விசையை அழுத்தி, மிஞ்சிய காற்றை வெளியேற்றிய பின்னரே கழற்றுங்கள். அழுத்தத்தோடு கழன்ற குழாய் சவுக்கைப் போல வீசி அடிக்கும். குழாயின் முனையைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைப்பதும் கூடாது. அதற்குரிய கிளிப் போடுங்கள்.

கேள்வி: கொம்பிரசரிலிருந்து கராஜின் மறுமூலைவரை பிவிசி குழாய் போடலாமா?
– ஒரு வாசகர், ஏறாவூர்

பதில்: வேண்டாம். பிவிசி நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்று, அழுத்தக் காற்றில் வெடித்தால் கூரிய துண்டுகளாகச் சிதறும். உலோகக் குழாயோ, காற்றுக்கென்றே அழுத்த அளவு அச்சிட்ட றப்பர்க் குழாயோ பயன்படுத்துங்கள்.

கேள்வி: மின்சாரம் இல்லாத நேரத்தில், வெல்டிங் ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து காற்றெடுத்து, நட்டுக் கழற்றும் இம்பாக்ட் கன்னை ஓட்டலாமா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒருபோதும் கூடாது. அழுத்தத்திலுள்ள ஒட்சிசன், கருவிக்குள் இருக்கும் எண்ணெயைத் தொட்டவுடன் தீப்பொறி இல்லாமலே பற்றவைத்து வெடிக்கச் செய்யும். ஒட்சிசனால் தூசி ஊதுவதும் அதே ஆபத்து. ஒட்சிசன் ஊறிய உடுப்பு ஒரு பொறியில் முழுவதும் எரிந்துவிடும். மின்சாரம் வரும்வரை நீண்ட கைபிடியுள்ள சாதாரண சாவியால் நட்டைக் கழற்றுங்கள். எண்ணெய்க் கையோடு ஒட்சிசன் சிலிண்டரின் வால்வைத் தொடாதீர்கள்.