டீக்கடையில் பொழுது போகும் தம்பிக்கு ரெண்டு படம்

தம்பி, படிப்பு பாதியில நின்னு, ரெண்டு வருஷமா யாங்கோன் டீக்கடையிலேயே பொழுது போகுது, முன்னேறினவங்க கதையைப் பார்த்தா நெஞ்சு இன்னும் கனக்குதுன்னு எழுதியிருந்தீங்க. அனோரதா ரோட்டுல காளி கோயில் பக்கம் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். அந்த மாதிரிப் படங்களைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க.

1980ல வந்த பாலசந்தரோட ‘வறுமையின் நிறம் சிவப்பு’ பாருங்க. கமல் டில்லியில வேலை இல்லாம அலையறார். வீட்டுல சோறு இல்லைங்கிறது ஸ்ரீதேவிக்குத் தெரியக்கூடாதுன்னு, வெறும் தட்டை வச்சுக்கிட்டு நண்பர்களோட சாப்பிடுற மாதிரி சத்தம் போடுவார் பாருங்க, எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. கடைசியில முடி திருத்துற வேலைக்குப் போறார். அதைத் தோல்வின்னு படம் சொல்லவே இல்லை.

அப்புறம் ஜப்பான் இயக்குநர் குரோசவாவோட ‘இகிரு’, 1952. முப்பது வருஷமா நகராட்சிக் கோப்புல முத்திரை குத்தினவருக்கு வயித்துல புற்றுநோய். குடிச்சுப் பார்க்கிறார், ஊர் சுத்திப் பார்க்கிறார், ஒண்ணும் ஒட்டலை. கடைசியில சாக்கடைத் தண்ணி தேங்கின இடத்துல பிள்ளைங்களுக்கு ஒரு பூங்கா கட்ட வைக்கிறார். பனி கொட்டுற ராத்திரி அங்கே ஊஞ்சல்ல உட்கார்ந்து மெதுவாப் பாடுவார். அந்த இடத்தை மட்டும் ஓட்டிடாதீங்க.

நீளமான படம், கரண்ட் இருக்கும்போதே போனை சார்ஜ் போட்டு வச்சுக்கங்க. பார்த்துட்டு இங்கேயே எழுதுங்க, காத்திருக்கேன்.