லாபம் இருந்தும் கடன் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் நடத்துகிறேன். வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வியாபாரம், லாபம்தான். 20 லட்சம் ஓடியை (ஓவர்டிராஃப்ட், கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் பாங்க் எடுக்க விடும் கடன் வரம்பு) 30 லட்சமாக உயர்த்தித் தரக் கேட்டேன், பாங்கில் மறுத்துவிட்டார்கள். அதே மாதம் நூல்காரரும் 45 நாள் கடனை 15 நாளாகக் குறைத்துவிட்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

பதில்: பேசி வைக்கவெல்லாம் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது.

சிறு தொழிலின் நடப்பு மூலதனக் கடனுக்கு, அதாவது அன்றாடச் செலவை ஓட்ட வாங்கும் கடனுக்கு, பாங்குகள் பொதுவாக எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதத்தைக் கணக்கிடும். ஒன்றரைக் கோடிக்கு அது 30 லட்சம். ஆக, நீங்கள் கேட்ட தொகை அதிகமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு மாதமும் ஓடி 19.8, 19.9 லட்சத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று செக் பணமில்லாமல் திரும்பியிருக்கின்றன. இரண்டே நாளில் பாஸாகிவிட்டது என்கிறீர்கள், சரி. ஆனால் பாங்கில் அதைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் திரும்பிய வரிதான். லாபம் ஆடிட்டர் காகிதத்தில் இருக்கிறது, கையில் காசு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

நூல்காரர் பார்ப்பது இன்னும் எளிது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால், எந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று யாருக்கும் தெரியும். 20ஆம் தேதி போட வேண்டியதை இரண்டு முறை அடுத்த மாதம் போட்டிருக்கிறீர்கள். வரி கட்டவே தடுமாறுபவர் என் பில்லை எப்படிக் கட்டுவார் என்றுதான் அவர் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். போதாததற்கு, உங்கள் விற்பனையில் முக்கால்வாசி ஒரே பார்ட்டிக்குப் போகிறது. அவர் தும்மினால் உங்களுக்கு ஜுரம்.

இன்னொன்று: தனி உரிமையாளர் தொழிலில் உங்கள் சொந்த சிபிலும் (கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் அறிக்கை) பார்க்கப்படும், பைக் லோன் தவணை உட்பட. வருடத்துக்கு ஒரு முறை அந்த அறிக்கை இலவசம், எடுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஆறு மாதம் செக் திரும்பாமல், ஓடியை மாதத்தில் சில நாளாவது இறக்கிக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். நூல்காரரிடம் இப்போதே நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம்.

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கிறேன், உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) உண்டு. புதுப் பார்ட்டி ஒருவர் 90 நாள் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: 90 நாளுக்குச் சட்டமே இடம் தரவில்லை. உங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் வட்டியை நம்பி யாரும் சரக்கு அனுப்புவதில்லை. இப்போது அவருக்குப் பெட்டி கொடுப்பவர் யார் என்று விசாரித்து, அவரை ஏன் விட்டு உங்களிடம் வருகிறார் என்று கேளுங்கள். முதல் இரண்டு லோடு ரொக்கத்துக்குக் கொடுங்கள். அப்புறம் பார்க்கலாம்.